நாற்பத்து மூன்றுக்கு எட்டு

நீண்ட பதிவு. பொறுமையும் அரை மணி நேரமும் உள்ளவர்கள் வாசிக்கலாம்.

சென்ற மாதத் துறைக் கருத்தரங்குக்கு நான் இடக்கை ஆள்காட்டி விரலில் கட்டுடன் வந்திருந்தேன். காரணம் கேட்டவர்களிடம் "ஜீப்பின் ஆக்சில் உடைந்துவிட்டது" என்றேன். "அச்சு என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறதே" என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். இருக்கிறதுதான். ஆனால் ஆக்சில் என்றாலும் அச்சு என்றாலும், ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருந்ததும் அதை யாரும் கவனிக்காததும்தான் அந்தக் கட்டுக்குக் காரணம். அதைத் தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்க இயலவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அல்சூரில் என் தாய்மாமா இருக்கிறார். ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய மஹிந்திரா சிஜே-3பி ஜீப் இருக்கிறது. மூன்று கியர், பெட்ரோல் எஞ்சின், உயர்ந்த மூக்கு. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953 முதல் 1968 வரை செய்து நிறுத்திவிட்ட அந்த மாதிரியை, உரிமம் பெற்ற மஹிந்திரா அதன் பின்னும் பல ஆண்டுகள் இங்கே செய்துகொண்டிருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தையின் சாப்பாடு, அதன் பிறகு ஜீப்பின் அடியில் விளக்குப் பிடித்தல். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதாமல் தள்ளிப்போட இதைவிட மதிப்பான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

மாமாவுக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதில் ஆசை. கனகபுராவுக்கு அப்பால் அவருடைய நண்பருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ராமநகர் வழியாக ஓடும் குளோஸ்பேட் கருங்கல் தொடரின் ஒரு துண்டு அந்த நிலத்துக்குள் பாறைச் சரிவாக எழுந்து நிற்கிறது. அதில் ஏறி இறங்குவதுதான் மாமாவின் ஞாயிற்றுக்கிழமை. ஏறும்போது ஜீப்பின் பின்னச்சின் நடுவில் புடைத்திருக்கும் உருண்டை (மாமா அதைக் 'குண்டு' என்பார்) பாறையில் இடிக்கும். அந்தக் குண்டுக்குள்தான் டிஃபரன்சியல் இருக்கிறது. இடியைத் தவிர்க்கப் பெரிய டயர் போடுவது என்று முடிவாயிற்று. பழைய 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ இருபத்தெட்டரை அங்குலம். அதற்குப் பதில் 31 அங்குல டயர். இரண்டரை அங்குலம் கூடியது போலத் தோன்றினாலும் குண்டு உயர்வது அதில் பாதிதான், ஒன்றேகால் அங்குலம். இந்த ஒன்றேகால் அங்குலத்துக்காகத்தான் பின்வந்த அத்தனையும் நடந்தது.

டயர் பெரிதானால் அதைச் சுழற்றக் கூடுதல் முறுக்கு வேண்டும். டயரின் எடையும் கூடும். பாறையிடுக்கில் சிக்கும்போது அது அச்சுத்தண்டுக்குத் தரும் அதிர்ச்சியும் கூடும். மாமா இதை அறிந்தவர். ஆகவே தண்டுகளையும் வலுவானவையாக மாற்றிவிடலாம் என்று நினைத்தார்.

இங்கே சற்று நின்று, வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்காதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மாட்டு வண்டியின் அச்சு எடையைத் தாங்கும், எதையும் சுழற்றாது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைச் சொல்கிறாரே, அது எடையால் முறியும் அச்சு. ஜீப்பின் பின்னச்சில் எடையைத் தாங்குவதற்கு வெளியே ஓர் இரும்புக் குழாய் உறை. அதற்குள் இடமும் வலமுமாக இரண்டு தண்டுகள், சக்கரத்தைச் சுழற்றுவதற்கு. உறை வளையும், தண்டு முறுகும். இரண்டும் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு மருந்துகள். ஆனால் இரண்டையும் சேர்த்த முழு அமைப்புக்கும் ஆக்சில் என்று பெயர். உள்ளிருக்கும் தண்டுக்கு மட்டும் கூட ஆக்சில் என்றுதான் பெயர். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 'அச்சு' என்று தமிழாக்கிக்கொள்வதால் அது தீர்ந்துவிடாது. எங்கள் ஊர்ப்பக்கம், திருப்பத்தூர்க் கிராமங்களில், வண்டியச்சுக்கு 'இருசு' என்று இன்னொரு சொல் வழங்கியது. தெலுங்கிலும் அதே சொல்தான். ஒன்றை உறைக்கும் மற்றொன்றைத் தண்டுக்கும் நம் மெக்கானிக்குகள் பங்கிட்டுக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். சொற்கள் அப்படிப் பங்கீடு கேட்டு நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி டிஃபரன்சியல். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். ஒரே தண்டில் இரண்டையும் கோத்தால் ஏதேனும் ஒன்று தரையில் இழுபடும். இதற்காக நடுவில் சில பற்சக்கரங்களை வைத்து இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுத்தார்கள். 1820களின் இறுதியில் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்கு உரிமம் பெற்றார். வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் இந்த அமைப்பு, முறுக்கு விசையை மட்டும் எப்போதும் சரிபாதியாகவே பங்கிடும். சாலையில் அது நன்மை. பாறையில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால், அதைச் சுழற்ற வேண்டிய அற்ப விசைதான் தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வெறுமனே சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதற்கு மருந்தாக வந்தவைதான் பூட்டுகள். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் பூட்டைக் காற்றழுத்தத்தால் ஓட்டுநர் விரும்பும்போது போடலாம். ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் பூட்டுகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. 2015க்குப் பிந்தைய தாரில் ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரப் பூட்டு பின்னச்சில் வந்தது. இரு சக்கரங்களின் சுழற்சியில் நிமிடத்துக்கு நூறு சுற்று அளவு வேறுபாடு ஏற்பட்டால் அது தானே பூட்டிக்கொள்ளும். பணமில்லாதவர்கள் டிஃபரன்சியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவதும் உண்டு. அப்படி ஒட்டிய வண்டியைத் தார்ச்சாலையில் திருப்பினால் டயர் கதறும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போக முயலும். அதை மேம்பாடு என்று சொல்பவர்களுடன் மாமா பேச்சை நிறுத்திவிடுவார்.

பூட்டு போட்டுக்கொள்ளச் சொல்லிப் பலரும் மாமாவை வற்புறுத்தினார்கள். அவர் ஒரு கணக்கைக் காட்டினார். அந்த எஞ்சினின் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் தாழ்நிலைக் கியரும் அச்சின் விகிதமும் சேர்ந்து அதை 37 மடங்காக்கும்; உராய்வு இழப்பை விட்டால் 5,700 நியூட்டன் மீட்டருக்கு மேல். பூட்டில்லாத டிஃபரன்சியலில் இந்த விசையில் பாதிக்கு மேல் எந்தத் தண்டுக்கும் போகாது. பூட்டிய பின், தரையைப் பற்றியிருப்பது ஒரே சக்கரம் என்றால், முழுவதும் அந்த ஒரு தண்டின் வழியே போகலாம். தண்டு நேற்றிருந்த அதே தண்டுதான். ஆனால் பூட்டு வந்த நாளிலிருந்து அது பலவீனமான தண்டு. "முதல்ல தண்டு, அப்புறம்தான் பூட்டு" என்றார் மாமா. அவர் கடைசல்காரர், தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதை விரல்நுனியில் அறிவார். 33 மில்லிமீட்டர் தண்டு 38 ஆனால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, வலிமை ஒன்றரை மடங்கு.

மாமாவின் ஜீப்பின் பின்னச்சு 'டானா 44' என்ற வகை. (டானா என்பது நிறுவனத் தலைவராக இருந்த சார்லஸ் டானாவின் பெயர். எங்கள் மெக்கானிக் அதைத் 'தானா' என்பார். 'தானா நாப்பத்திநாலு' என்று கேட்கும்போது யாரோ தானாகவே நாற்பத்துநான்காகிவிட்டது போல இருக்கும்.) பழைய டானா 44 தண்டின் முனையில் 19 பற்கள், பின்னாளில் வந்த தடித்த தண்டுகளில் 30. முப்பது பல் தண்டு வேண்டும் என்றால், அது போய்ச் செருகும் டிஃபரன்சியல் பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். மாமா இதற்காக ஒரு பட்டறையில் ஜீப்பை விட்டார். பட்டறையின் பெயர் வேண்டாம். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இன்றைக்கும் மாமா அவர்களிடம் டீ குடிக்கிறார்.

பத்து நாள் கழித்து மாமா தொலைபேசியில் கேட்டார்: "ஆக்சில் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு சார். நல்ல மால். முப்பது பல்லு."

கேட்டவர் தண்டுகளைக் கேட்டார். சொன்னவர் முழு அச்சைச் சொன்னார். உள்ளே பற்சக்கரங்களைத் தேடி வாங்கி, அளந்து பொருத்துவதைவிட, உடைத்த வேறொரு ஜீப்பிலிருந்து முழு டானா 44 அச்சை எடுத்து மாட்டுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. பழைய அச்சைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வண்டியை எடுக்கப் போனபோது பின்னச்சு புதுக் கறுப்பு வண்ணத்தில் பளபளத்தது. உறையைத் துடைத்து வண்ணம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மாமா மகிழ்ந்தார். இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே உருவம். வேறுபாடு காண வழியில்லை. இப்படிப்பட்ட அச்சுகளில் மூடியின் போல்ட் ஒன்றில் சிறு தகடு தொங்கும். பல் விகிதம் அதில் பொறித்திருக்கும். இதில் தகடு இல்லை. முப்பது நாற்பது ஆண்டுப் பழைய அச்சில் தகடு இருந்தால்தான் வியப்பு.

எங்கள் ஜீப்பின் விகிதம் 5.38. அதாவது குண்டுக்குள் உள்ள கிரவுன் சக்கரத்தில் 43 பல், அதைச் சுழற்றும் பினியனில் 8. புதிதாக வந்த அச்சில் 39க்கு 8, 4.88. முன்னச்சு பழையபடியே 43க்கு 8. டானா 44 என்ற பெயர் அச்சின் குடும்பத்தைச் சொல்லும். உள்ளே எத்தனை பல் என்று சொல்லாது. நான்கு சக்கரமும் இயங்கும் இத்தகைய ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் தண்டையும் பின் தண்டையும் ஒரே வேகத்தில் பிணைத்துவிடுகிறது. நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆகவே பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடப் பத்து விழுக்காடு வேகமாகச் சுழல முயலும். பத்து மீட்டர் போனால் பின்பக்கம் ஒரு மீட்டர் முந்திக்கொள்ளப் பார்க்கும். போக இடமில்லாத அந்த ஒரு மீட்டர் தண்டுகளிலும் இணைப்புகளிலும் முறுக்காகச் சேரும்.

சாலையில் இது தெரியாது. சாலையில் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும். தெரியாதது மட்டுமா, வண்டி முன்பைவிட நிதானமாக, எஞ்சின் சத்தம் குறைந்து ஓடியது. மாமாவுக்கு மகிழ்ச்சி.

என் பங்கு இங்கே வருகிறது. கனகபுரா சாலையில் போகும்போது என் கைப்பேசியின் வரைபடம் 60 என்று காட்டியது. ஜீப்பின் வேகமானி 50 காட்டியது. சொன்னேன். "பெரிய டயர் இல்ல பாப்பா, அப்படித்தான் காட்டும்" என்றார் மாமா. உண்மைதான். அந்த ஜீப்பில் வேகமானி டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து இயங்குவது; டயர் பெரிதானால் அது குறைத்துத்தான் காட்டும். நான் தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தேன்.

இருபத்தெட்டரையிலிருந்து முப்பத்தொன்று என்றால் ஒன்பது விழுக்காடு. வேகமானியில் ஐம்பது என்றால் உண்மையில் ஐம்பத்துநான்கு, ஐம்பத்தைந்து. அறுபது வராது. மீதி ஐந்து கிலோமீட்டரை டயர் விளக்காது. பின்னச்சின் பத்து விழுக்காட்டையும் சேர்த்துப் பெருக்கினால் சரியாக இருபது விழுக்காடு வரும், அறுபது வரும். விடை கண்ணெதிரே திரையில் எரிந்துகொண்டிருந்தது. புள்ளியியல் தாள் எழுதித் தேர்ந்தவள் நான். ஒரு காரணம் சரியான திசையைக் காட்டியவுடன் அளவைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டேன். மாணவர்களின் கட்டுரைகளில் இதையே சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

பாறைக்கு வருவோம். மணலிலோ சேற்றிலோ நான்கு சக்கர இணைப்பைப் போட்டிருந்தால் டயர்கள் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைக் கழித்திருக்கும். கருங்கல் வழுக்க விடாது. உலர்ந்த கருங்கல்லில் ரப்பர் ஒட்டிக்கொண்டது போலப் பிடிக்கும். மாமா இரண்டு நெம்புகோல்களையும் போட்டு, தாழ்நிலைக் கியரில் சரிவில் ஏற்றினார். நான் வழக்கம்போலப் பக்கவாட்டில் நடந்தேன். கையில் முட்டுக்கட்டை.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வரி. நாளிதழில் 'திட்டத்துக்கு முட்டுக்கட்டை' என்று படித்துப் படித்து, அது தொட்டுணரக்கூடிய ஒரு கட்டை என்பதையே நான் மறந்திருந்தேன். மாமாவிடம் இருப்பது ஆப்பு வடிவத்தில் அறுத்த கருவேலங்கட்டை, இரும்புப் பட்டை அடித்தது. ஏற்றத்தில் வண்டி ஏறும்போது ஒருவர் அதை ஏந்திப் பக்கத்தில் வரவேண்டும், ஒருபோதும் பின்னால் நிற்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தைப் பழைய காலத்துக் கெடுபிடி என்று நான் அத்தையிடம் கிண்டலடித்ததும் உண்டு.

வண்டி ஏறும்போது விந்தையாக நடந்துகொண்டது. விட்டுவிட்டுத் துள்ளியது; ஸ்டியரிங் கனத்தது. மாமா முகத்தைச் சுளித்தார். சரிவின் பாதியில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்கலுடன் நின்றது. மாமா பிரேக்கை மிதித்திருந்தார். முறுக்கு விடுபட்டதால் அதுவரை இறுகியிருந்த நெம்புகோல் இலகுவாக வந்தது. அவர் முன்சக்கர இணைப்பை விடுவித்தார், கியரைப் போட்டார், கைப்பிரேக்கை இழுத்தார், ஒரு காலை வெளியே வைத்தார்.

வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது.

உடைந்தது பின் இடது தண்டு. அந்தக் கால ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், நீள்தண்டின் தலையில் இருக்கிறது. அது நீள்தண்டைப் பிடிக்கும். நீள்தண்டு டிஃபரன்சியலைப் பிடிக்கும். டிஃபரன்சியல் இரு தண்டுகள் வழியே இரு சக்கரங்களைப் பிடிக்கும். ஒரு தண்டு அறுந்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பற்சக்கரம் வெறுமனே சுழலும். மறுபக்கச் சக்கரம் சுதந்திரமாக உருளும். கியரில் விட்டாலும் இதே கதி. வளைவில் வண்டியைக் காக்கும் அதே கருவி, சரிவில் அதை அவிழ்த்து விட்டுவிட்டது. மாமா நாற்பது ஆண்டுகளாக அந்தக் கைப்பிரேக்கை நம்பியவர்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். சக்கரம் கட்டையின் மேல் ஏறி, நசுக்கி, நின்றது. விரல் நுனி கட்டைக்கும் பாறைக்கும் நடுவில். நகம் போயிற்று. எலும்பு தப்பியது. சரிவின் கீழே, எங்களுக்கு முப்பதடி பின்னால், நண்பரின் பேரன் தண்ணீர்க் குடத்துடன் வந்துகொண்டிருந்தான். அவன் பெயரையும் வயதையும் எழுதப்போவதில்லை. அன்று இரவு மாமா சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மறுவாரம் அல்சூரில் பின்னச்சைத் திறந்தோம். பத்து போல்ட்களைக் கழற்றி மூடியை எடுத்ததும் கிரவுன் சக்கரத்தைத் துடைத்து விளக்கைக் காட்டச் சொன்னார் மாமா. விளிம்பில் எண்கள் பொறித்திருந்தன: 39, 8. அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு உடைந்த தண்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த முகத்தில் மூன்றில் ஒரு பங்கு கறுத்து, மெல்லிய அலை வரிகளுடன் வழவழத்திருந்தது. மீதி பளிச்சென்று சொரசொரப்பாக இருந்தது. கறுத்தது பழைய விரிசல். முந்தைய வண்டியிலேயே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி வந்தது. பளபளத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. முப்பது பல்லும் தடித்த இரும்பும் எங்களுக்குக் கிடைத்தன. அவற்றோடு வேறொருவருடைய விரிசலும் கிடைத்தது.

அச்சு மாற்றுவதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் இங்கேதான் மாறியது. வலுவான தண்டு போட்டால் உடைப்பு இல்லாமல் போகாது, இடம் மாறும். தண்டு தாங்கினால் அடுத்து சிலுவை இணைப்பு, அதுவும் தாங்கினால் பினியனின் எட்டுப் பற்கள், அதன்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ். பற்களின் எண்ணிக்கைக்கும் விலை உண்டு: விகிதத்தைக் கூட்டப் பினியனின் பற்களைக் குறைத்தால் பினியன் ஒல்லியாகும். மாமா சொல்வார், எது உடையவேண்டும் என்பதை முதலில் நீ முடிவு செய்துகொள்ள வேண்டும், விலை குறைந்ததும் காட்டிலேயே மாற்றக் கூடியதுமான ஒன்று உடையட்டும் என்று. அந்தத் தகுதி அச்சுத்தண்டுக்கு உண்டு. ஆனால் எங்கள் ஜீப்பில் ஒரு சிக்கல். அதில் தண்டே சக்கரத்தையும் தாங்குகிறது. தண்டு வெளி முனையில் உடைந்தால் சக்கரம் கழன்று தனியே போய்விடும். லாரிகளில் அப்படி இல்லை. சாலையோரம் நிற்கும் லாரியில் ஓட்டுநர் சக்கரத்தைக் கழற்றாமலே தண்டை மட்டும் உருவி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அங்கே எடையை உறை தாங்குகிறது, தண்டின் வேலை சுழற்றுவது மட்டும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்பி ஜீப்பின் பின்னச்சும் அந்த வகைதான். பிற்காலக் குடிமக்கள் ஜீப்புக்கு அதைக் கைவிட்டார்கள். இன்று ஆர்வலர்கள் பெரும் பணம் கொடுத்துப் பொருத்தும் மேம்பாடு, 1941இல் போர்முனைக்குப் போன வண்டியிலேயே இருந்தது.

உதிரித் தண்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் உப்பு வணிகரின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, வண்டியில் பாரம் மிகுதி, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேருமோ என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழிதான். இதை நான் சொன்னபோது மாமா கேட்டது ஒரே கேள்வி: "அவங்க கட்டினது அதே சைஸ்தானே?"

பழைய அச்சு போய்விட்டது. 43க்கு 8 விகிதத்தில் கிரவுன் பினியன் தேட வேண்டியிருந்தது. இரண்டையும் தனித்தனியே வாங்க முடியாது. தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பழக்கிய இணை அவை. இரண்டிலும் ஒரே இணை எண் பொறித்திருக்க வேண்டும். ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் தாருக்கும் பொலேரோவுக்கும் எல்லாம் கிடைத்தன. சிவாஜிநகர் குஜிரியில் ஒரு கடைக்காரர் தக்கனி உருதுவிலும் தமிழிலும் கன்னடத்திலும் மாறிமாறி, மூன்று மொழியிலும் இல்லை என்றார். கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் ஓர் இணை கிடைத்தது. மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் தடவி எண்ணிய பிறகே பணத்தை எடுத்தார்.

பொருத்துவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பினியனின் ஆழத்தை மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய இடைவெளி இருக்க வேண்டும். பற்களில் நீலச்சாயம் பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பது, கழற்றுவது, தகடு மாற்றுவது, மறுபடி பூசுவது. என் மேற்பார்வையாளர் இயல்களைத் திருத்தும் முறை நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும். தண்டுகள் இம்முறை புதியவை. பூட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றார் மாமா. 31 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டுப் பழைய அளவையே போட்டார். சட்டப்படியும் அதுவே சரி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குண்டுக்குள் எத்தனை பல் என்று எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது அதுதான்.

பட்டறைக்காரரிடம் மாமா சண்டை போடவில்லை. போய், "நான் ஆக்சில்னு சொன்னது ராடு, நீ ஹவுசிங்கோட மாத்திட்ட" என்றார். அவர் நிஜமாகவே வருந்தினார். "சார், ராடுன்னு சொல்லியிருந்தா ராடு மாத்தியிருப்பேனே" என்றார். யார் மீது பிழை என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. எனக்குத் தெரிந்த பொருண்மையியல் முழுவதையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு சோதனை. கைப்பிரேக்கை விடுவித்து, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, மூன்று சக்கரங்களுக்கும் முட்டுக்கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். தூக்கிய சக்கரத்திலும் நீள்தண்டிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம். மறுசக்கரம் அசையாதிருக்க இதைப் பதினாறு சுற்று சுற்றினால் கிரவுன் சக்கரம் எட்டுச் சுற்று சுற்றும். நீள்தண்டு நாற்பத்து மூன்று சுற்றி, கோடு மறுபடி சரியாக மேலே வந்து நிற்க வேண்டும். முன்னச்சை முந்தின நாளே எண்ணிவிட்டோம். நான் கட்டுப் பிரித்த விரலோடு சக்கரத்தைச் சுற்றினேன். மாமா அடியில் படுத்து நீள்தண்டைப் பார்த்தபடி எண்ணினார். வீட்டில் தமிழே பேசும் அவர், எண்களை மட்டும் தொழிற்சாலையில் பழகியபடி கன்னடத்தில்தான் எண்ணுவார். முப்பத்தொன்பதாவது சுற்று வந்தபோது குரல் சற்றுத் தயங்கியது. நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நலவத்து... நலவத்தொந்து... நலவத்தெரடு..."

பதினாறாவது சுற்றில் என் பக்கத்துக் கோடு மேலே வந்தது. அடியிலிருந்து குரல் வந்தது: "நலவத்மூரு. நிறுத்து பாப்பா."